அடைத்த ஜன்னல்

மூன்றாவது முறையாகப் பூசணம் வந்ததை ஷண்முகப்ரியா யாரிடமும் சொல்லவில்லை. மகேஷ் குளித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பியதும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கெட்டில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு பிரஷ்ஷால் சுவரைத் தேய்க்கத் தொடங்கினாள். கூரையும் சுவரும் சேரும் மூலையில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல ஆரம்பித்திருந்தது. இப்படியே விட்டால் நாலைந்து நாளில் கீழே இறங்கி, குழாய்க்குப் பின்னால் பச்சையும் கறுப்புமாகப் படர்ந்துவிடும்.

தொண்ணூற்று நான்காம் வருடம், நவம்பர் மாதம். தீபாவளிக்கு முன்பு பிடித்த மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்தது. குளியலறைச் சுவரைக் கையால் தொட்டால் வியர்த்த முதுகைத் தொட்டதுபோல இருந்தது. துவைத்துப் போட்ட துண்டு மறுநாளும் ஈரமாகவே கிடந்தது. சோப்புப்பெட்டியின் அடியில்கூடக் கறுப்பு.

தியாகராய நகரில், மாம்பலம் ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடையில் இருந்தது அந்த வீடு. கீழ்த்தளத்தில் இவர்கள் குடியிருந்தார்கள். மாடியில் வீட்டுச் சொந்தக்காரி சகினா, பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். மகேஷ் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவுக்குப் பொறுப்பாளன். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். அப்பா இறந்தபின் அம்மா புஷ்பத்தையும் இங்கே அழைத்து வந்துவிட்டான். மகள் பிரதீபாவுக்கு நாலு வயது.

ஆறு மாதத்துக்கு முன்புவரை அந்தக் குளியலறைக்கு ஒரு மேல் ஜன்னல் இருந்தது. கண்ணாடிப் பட்டைகள் சாய்வாக அடுக்கிய, ஒரு முழ அகல ஜன்னல். இப்போது அந்த இடத்தில் செங்கல் அடுக்கி சிமெண்ட் பூசியிருந்தது. பூசியது மகேஷ். கொத்தனாரைக்கூட அவன் கூப்பிடவில்லை.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது அது. கடைக்கு விடுமுறை. மகேஷ் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். ஷண்முகப்ரியா தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துக்கொண்டிருந்தாள். சீயக்காய் கண்ணில் பட்டு எரிந்தது. முகத்தைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு இடையில் ஒரு ஆணின் முகம் தெரிந்தது. மீசை, நெற்றியில் வியர்வை, திறந்த கண்கள். அவள் அலறினாள்.

அந்த அலறல் தெருமுனைவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். மகேஷ் பேப்பரை வீசிவிட்டு வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே இருந்த சந்துக்குள் ஓடினான். சுவர்மேல் நின்ற ஆளின் காலைப் பிடித்து இழுத்தான். எதிர்வீட்டு ஸ்ரீகிருஷ்ணன் கிரிக்கெட் மட்டையோடு வந்தான். அவன் ஒரு வங்கியில் கிளார்க்; அதுவரை யாரிடமும் சத்தமாகப் பேசிக்கூட யாரும் கேட்டதில்லை. இஸ்திரி போடும் கன்னியப்பன் வந்தார். டீக்கடையில் நின்ற நாலைந்து பேர் வந்தார்கள். உள்ளே ஷண்முகப்ரியா ஈரத்தலையோடு புடவையைச் சுற்றிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அடி விழும் சத்தம் கேட்டது. நடுநடுவே அந்த ஆளின் குரலும் கேட்டது. "ஒயரு சார், ஒயரு" என்று அவன் கத்தினான். பிறகு அந்தக் குரலும் நின்றது.

யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் எதையும் சொல்லவில்லை. அந்த ஆள் கேபிள் டிவி கம்பெனியில் வேலை செய்பவன் என்றும், பெயர் ஜவஹர் என்றும், அவனைத் துரத்தி அனுப்பிவிட்டதாகவும் மாலையில் மாமியார் சொன்னாள். மறுநாள் காலையில் மகேஷ் செங்கல் கொண்டுவந்தான்.

ஜூலையில் முதல் பூசணம் வந்தது. பினாயில் போட்டுத் துடைத்தாள், போனது. செப்டம்பரில் மறுபடி வந்ததும் மகேஷ் ஆயில் பெயிண்ட் வாங்கிவந்து அடித்தான். ஒரு மாதம் சுவர் பளபளவென்று இருந்தது. பிறகு பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒன்றை நகத்தால் கிள்ளியபோது உள்ளே கறுப்பாகப் பூத்திருந்தது.

நவம்பரில் பிரதீபாவுக்கு இழுப்பு வந்தது. குழந்தை மூச்சு விடும்போது விலா எலும்புகள் உள்ளே போய் வெளியே வந்தன. மாமியாரும் மருமகளும் அவளைத் தூக்கிக்கொண்டு மேற்கு மாம்பலத்தில் டாக்டர் வேதாந்தத்திடம் ஓடினார்கள். வயதான மனிதர். குழந்தையின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"எத்தனை நாளா இப்படி இழுத்துண்டிருக்கு?"

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து, டாக்டர்."

"ஆத்துல எங்கேயாவது ஓதம் இருக்கோ? பூசணம் ஏதாவது?"

"பாத்ரூம்ல இருக்கு. தேய்க்கத் தேய்க்க வருது."

"ஜன்னல் இருக்கோல்லியோ?"

ஷண்முகப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். புஷ்பம்தான் பதில் சொன்னாள். "இருந்துச்சு. அடைச்சாச்சு."

"எதுக்கு அடைச்சேள்?"

புஷ்பம் குழந்தையின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். டாக்டர் இருவர் முகத்தையும் பார்த்தார். மேலும் கேட்கவில்லை. மருந்துச்சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார்: "காரணம் எதுவா வேணா இருக்கட்டும். முதல்ல அதைத் திறங்கோ. நான் மருந்து தரேன், குழந்தைக்குக் கேட்கும். ஆனா அந்தச் சுவர் அப்படியே இருந்தா நீங்க மாசா மாசம் இங்க வந்துண்டேதான் இருப்பேள்."

மகேஷ் வீட்டுக்கு வந்ததும் ஷண்முகப்ரியா சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"டாக்டர் ஜன்னலத் திறக்கச் சொல்றாருங்க."

"வேற டாக்டர்கிட்டக் காட்டு."

"அட்லீஸ்ட் ஒரு சின்ன ஃபேனாவது வைக்கலாமே. காத்தை வெளிய தள்ளுற ஃபேன் விக்குதாம்."

"ஓட்டைன்னு ஒண்ணு இருந்தா எவனாவது எட்டிப் பாப்பான். அந்தச் சுவர்ல கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான்." தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான்.

ஜன்னலைப் பற்றிப் பேசினால் அவன் முகம் இறுகிப்போவதை அவள் முன்பும் கவனித்திருக்கிறாள். தன்மேல் இருக்கும் அக்கறை என்று நினைத்திருந்தாள். அப்படி நினைப்பது பிடித்தும் இருந்தது.

சகினாவுக்கு வேறு கவலை. மாடியில் தன் குளியலறைத் தரையிலிருந்து தண்ணீர் கசிந்துதான் கீழே பூசணம் வருகிறதோ என்று சந்தேகப்பட்டார். ஒரு வியாழக்கிழமை காலையில் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு கீழே வந்தார். கொத்தனார் கூரையைக் கொத்துக்கரண்டிக் காம்பால் தட்டித் தட்டிப் பார்த்தார். சுவரில் காதை வைத்தார்.

"மேலேர்ந்து ஒழுகலம்மா. தளம் கெட்டியா கீது. உள்ள கீற ஆவி போறதுக்குத்தான் வழி இல்ல. இன்னாத்துக்கு ஜன்னல மூடி வெச்சினு கீறீங்க?"

"அது ஒரு கதைப்பா," என்றார் சகினா. "வெளிப்பக்கம் விரிசல் ஏதாவது இருக்கான்னு அதையும் பாத்துடு. ப்ரியா, கொஞ்சம் கூடப் போய்க் காட்டும்மா. என்னால அந்தச் சந்துல நுழைய முடியாது."

மே மாதத்துக்குப் பிறகு ஷண்முகப்ரியா அந்தச் சந்துக்குள் கால் வைத்ததில்லை. உடைந்த பூந்தொட்டிகளும் மழையில் ஊறிய அட்டைப்பெட்டியும் கிடந்தன. கொத்தனார் காம்பவுண்டுச் சுவர்மேல் ஏறி நின்று வெளிச்சுவரைத் தடவிப் பார்த்தார். அவள் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

தெருப்பக்கத்திலிருந்து ஒரு கறுப்பு ஒயர் சுவரோடு ஒட்டி வந்தது. ஒரு சாணுக்கு ஒன்றாக வெள்ளைக் கிளிப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஆணி. கோடு போட்டதுபோல நேராக வந்த அந்த வரிசை, அடைத்த ஜன்னலின் ஓரத்தில் நின்றுவிட்டது. கடைசிக் கிளிப்பின் ஆணி பாதிதான் இறங்கியிருந்தது. அதற்கப்பால் கிளிப்பே இல்லை. ஒயர் தொய்ந்து தொங்கி, பின்வீட்டின் சன்ஷேடில் சணல் கயிற்றால் கட்டியிருந்தது.

"அண்ணே," என்றாள். "அந்த ஆணி ஏன் பாதியில நிக்குது?"

கொத்தனார் எட்டிப் பார்த்தார். "இதுவா? கேபிள்காரன் அடிச்சிக்கினு இருக்கசொல்ல வுட்டுட்டுப் பூட்டான் போல. இத்துனூண்டு ஆணிம்மா இது. மூஞ்சிய இப்டி சொவுத்தாண்ட கொண்டாந்தாத்தான் புடிச்சி அடிக்க முடியும்." சொல்லிக்கொண்டே முகத்தைச் சுவருக்கு அருகில் வைத்துக் காட்டினார். அவர் முகம் இருந்த இடம் ஜன்னல் இருந்த இடம்.

ஒயரு சார், ஒயரு.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அவள் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு அலைந்தாள். சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழந்தையும் மாமியாரும் தூங்கியபிறகு, மகேஷிடம் சொன்னாள். சந்துக்குள் கூட்டிப்போய்க் காட்டுவதாகவும் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்," என்றான் மகேஷ்.

"என்ன தெரியும்?"

"அவன் ஒயர் இழுக்கத்தான் வந்தான். பின்வீட்டுக்காரர் அன்னைக்குத்தான் கனெக்‌ஷன் கேட்டிருக்கார். மூணாம் நாளே கேபிள் ஓனர் கடைக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. பின்வீட்லயும் கேட்டேன். ஆமான்னாங்க."

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "மூணாம் நாளே தெரியுமா?"

"தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்ற? அடிச்ச அடியத் திரும்ப எடுத்துக்க முடியுமா? போய் அவன் கால்ல விழச் சொல்றியா?" அவன் குரல் உயர்ந்தது, குழந்தை புரண்டு படுத்ததும் தணிந்தது. "எதுக்கு வந்திருந்தா என்ன? உன்னப் பாத்தானா இல்லையா? நீதான சொன்ன?"

"நான் கத்தினேன். பாத்தான்னு நான் யார்கிட்டயும் சொல்லல."

"கத்தினா என்ன அர்த்தம்?"

அவளுக்கு ஒன்று புரிந்தது. அந்தச் செங்கல் அவளுக்காக அடுக்கியது என்று ஆறு மாதமாக நினைத்திருந்தாள். முதல் மூன்று நாள் அது உண்மையாக இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு, ஜன்னலைத் திறந்தால் தெருவில் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள் என்ற பயத்தில்தான் அது நின்றுகொண்டிருந்தது. அதற்காகக் குழந்தை மூச்சுக்குத் திணறியது.

ஜவஹர் இப்போது எங்கே இருக்கிறான் என்று சகினா மூலமாகத்தான் தெரிந்தது. மாடியில் கேபிள் கட்டணம் வசூலிக்க வந்தவரிடம் சகினா விசாரித்தார். வேலையை விட்டாயிற்று, கே.கே. நகர் மார்க்கெட்டில் மனைவியோடு காய்கறி விற்கிறார் என்றார் அவர். "கை போயிடுச்சும்மா. சொவுரு ஏற முடியாது."

"நானும் வரட்டுமா?" என்று சகினா கேட்டார். ஷண்முகப்ரியா வேண்டாம் என்றுவிட்டாள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் பஸ் ஏறினாள்.

மார்க்கெட்டில் அந்த முகத்தை அவள் உடனே கண்டுகொண்டாள். மீசை அப்படியே இருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். சாக்கு விரித்து முள்ளங்கியும் கத்தரிக்காயும் கொட்டி வைத்திருந்தார். இடது கையால் தராசைத் தூக்கினார். வலது மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திருகி இருந்தது. அந்தக் கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. பக்கத்தில் மனைவி கொத்தமல்லிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா வேணும்மா?" என்றவர் அவள் முகத்தைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்தார்.

"நான்... தி. நகர்ல, அந்த வீட்டுல..."

"தெரியுது."

மனைவி நிமிர்ந்தாள். "இவங்கதானா?" அவர் தலையாட்டினார். அவள் தண்ணீர்ச் செம்பை ணங்கென்று வைத்தாள். "இப்ப இன்னாத்துக்கு வந்துகீறாங்க? மிச்சம் வெச்சத அடிச்சிட்டுப் போறதுக்கா?"

"சும்மாருடி."

"மன்னிப்புக் கேக்க வந்தேன்," என்றாள் ஷண்முகப்ரியா. பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். வாயில் இது ஒன்றுதான் வந்தது. "அந்த ஆணியப் பாத்தேன். இப்பத்தான் பாத்தேன்."

ஜவஹர் உருண்டு வந்த ஒரு கத்தரிக்காயை எடுத்துக் குவியலில் வைத்தார்.

"நானு உன்னப் பாக்கலம்மா. கண்ணுல பட்ட. அவ்ளோதான். ஆணியப் புடிச்சிக்கினு தலையத் தூக்கினேன், கண்ணாடி தொறந்து கெடந்துச்சு, பட்டுட்ட. ஒடனே மூஞ்சியத் திருப்பிக்கினேன். அதுக்குள்ள நீ கத்திட்ட. நீ கத்துனது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். இவளா இருந்தாலும் கத்தியிருப்பா." மடங்காத விரல்களை மற்ற கையால் தடவிக்கொண்டார். "ஆனா அப்பாலிக்கா என்னைப் போட்டு அடிக்கசொல்ல நீ உள்ளதான இருந்த? நான் இன்னா சொல்லிக் கத்துனேன்னு உன் காதுல விழுந்துச்சா, இல்லியா?"

"விழுந்துச்சு."

"ஒரு வார்த்த வெளிய வந்து கேட்டியா?"

"இல்ல."

அவள் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழுதால் அவர் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அது அவருக்கு இன்னொரு தண்டனை என்று தோன்றியது. காய் வாங்க வந்த ஒருத்தி நிலவரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனாள்.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"கை போச்சு, அது பூட்டுது. என் பொண்ணு ஏழாவது படிக்குது. அது கூடப் படிக்கிற பொண்ணுக்கு உங்க தெருவுலதான் மாமா வீடு. பொம்பள குளிக்கிறத எட்டிப் பாத்து அடி வாங்குனவன் பொண்ணுன்னு ஸ்கூல்ல சொல்லிச்சு. எம் பொண்ணு ஒரு வாரம் எங்கூடப் பேசல. இப்ப எங்கிட்ட வந்து சொன்னியே, இத அந்தத் தெருவாண்ட போய்ச் சொல்லு. என்னை அடிச்சவங்ககிட்டச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்றேன்."

"சொல்றேன்னுதான் சொல்லுவாங்க," என்றாள் அவர் மனைவி. கொத்தமல்லியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

வீடு திரும்பிய பிறகுதான் அவர் கேட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்குப் புரிந்தது. அந்தத் தெருவில் அவள் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. மே மாதத்துக்குப் பிறகு தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தாள். அந்த ஆண்கள் தன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குளியலறைதான் அவர்களுக்கு நினைவு வரும் என்று அவள் உடம்பு கூசும். இப்போது அவர்கள் எதிரில் போய் நின்று, தானே அதைப் பேச வேண்டும்.

மூன்று நாள் தள்ளிப்போட்டாள். நாலாம் நாள் காலையில் பிரதீபாவுக்கு மறுபடி இழுத்தது. டாக்டரிடம் போய்விட்டு வந்து, குழந்தையைத் தூங்கப்போட்டுவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவில் இறங்கினாள்.

முதலில் கன்னியப்பன். வண்டியில் இஸ்திரிப்பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மே மாசம் எங்க வீட்டுச் சந்துல ஒருத்தர அடிச்சீங்கள்ல, அவர் எட்டிப் பாக்க வரல. ஒயருக்கு ஆணி அடிக்க வந்தவரு. நான் குளிச்சுட்டு இருந்தப்ப அவர் மூஞ்சி திடீர்னு தெரிஞ்சுது, பயத்துல கத்திட்டேன். அவர் தப்பு ஒண்ணும் பண்ணல. அவர் கை உடைஞ்சு போச்சு."

கன்னியப்பன் கரியைக் கையில் வைத்தபடியே நின்றார். "நானும் ரெண்டு போட்டேன்மா," என்றார் மெதுவாக. "அந்த ஆளு என் காலப் புடிச்சிக்கினான். அப்பவே மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு." பிறகு ஒரு சட்டையை விரித்து நீவத் தொடங்கினார். பெட்டியை அதன்மேல் வைக்கவில்லை.

எதிர்வீட்டு ஸ்ரீகிருஷ்ணன் அப்போதுதான் வங்கியிலிருந்து வந்து ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தான். அவள் முடிப்பதற்குள் அவன் காது சிவந்துவிட்டது.

"அதெல்லாம் இப்ப எதுக்கு, மாமி? எப்பவோ நடந்துபோன விஷயம். விடுங்கோ."

"அவங்க பொண்ண ஸ்கூல்ல கேலி பண்றாங்களாம். அதனாலதான் சொல்றேன். நீங்க நாலு பேர்கிட்டச் சொல்லணும்."

"நான் என்ன சொல்ல முடியும்? அந்தச் சமயத்துல யாரா இருந்தாலும் அடிச்சிருப்பா." சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டான். கதவுக்குப் பின்னால் அவன் அம்மா "யாருடா, என்னவாம்?" என்று கேட்பதும், "ஒண்ணுமில்ல" என்று அவன் சொல்வதும் கேட்டது.

கடைசியாக டீக்கடை. ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெண் வந்து நிற்பதைப் பார்த்துப் பேச்சு நின்றது. கடைக்காரரைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள். குளியலறை என்ற சொல் வந்தபோது ஒருவன் சிரித்தான். அவள் நிறுத்தி, அவன் பக்கம் திரும்பி, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி சொன்னாள். அவன் டம்ளருக்குள் பார்த்தான். கடைக்காரர், "சரிம்மா, தெரியாம நடந்துபோச்சு. நான் சொல்றேன் எல்லார்கிட்டயும்," என்றார். அவள் வீட்டுக்கு வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள்.

மகேஷ் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே யாரோ சொல்லியிருந்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டீக்கடையில நின்னு நீ குளிச்சதப் பத்திப் பேசினியா?"

"அவரப் பத்திப் பேசினேன்."

"நாளைக்கு நான் இந்தத் தெருவுல எப்படி நடப்பேன்? மகேஷ் ஒண்ணும் தெரியாத ஒருத்தன் கைய ஒடச்சவன்னு சொல்ல மாட்டாங்களா? என்னைப் பத்தி ஒரு நிமிஷம் நினைச்சியா?"

உள்ளேயிருந்து புஷ்பம் வந்தாள். இந்த ஆறு மாதமும் அந்த விஷயத்தில் அவள் அவனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மகன் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டவள்.

"ஏல, உனக்கு முன்னமே தெரியுமாமே? நீங்க ரெண்டு பேரும் அன்னைக்குப் பேசுனத நான் கேட்டுட்டுத்தான் படுத்துருந்தேன்," என்றாள். "நீ பேச வேண்டியத அவ பேசிட்டு வந்துருக்கா. அதுக்கு அவகிட்டயே சத்தம் போடுதியே."

மகேஷ் அம்மாவைப் பார்த்தான். வெளியே போய் வாசலில் நின்றுகொண்டான். வெகு நேரம் உள்ளே வரவில்லை.

மறுநாள் அவன் கடைக்குப் போனதும் புஷ்பம் மாடிக்குப் போய்ச் சகினாவிடம் கொத்தனாரை அனுப்பச் சொன்னாள். கொத்தனார் உளியை வைத்துக்கொண்டு தயங்கினார். "வூட்டுக்காரர்கிட்டக் கேட்டுக்கினீங்களாம்மா?"

"சொவரு என்னுது," என்றார் சகினா மாடிப்படியிலிருந்து.

"பேத்தி என்னுது. நீ ஒடைப்பா," என்றாள் புஷ்பம்.

அரைமணி நேரத்தில் செங்கல் விழுந்தது. குளியலறைக்குள் வெயில் ஒரு பட்டையாக இறங்கி எதிர்ச்சுவரில் நின்றது. அந்த வெளிச்சத்தில் சுவர் இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்த இடமெல்லாம் வெளுத்தும், தேய்க்காத இடமெல்லாம் கறுத்தும், தேமல் பிடித்த உடம்பு போல இருந்தது. கொத்தனார் பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுத்தார். புதிதாகப் போட்ட கண்ணாடிப் பட்டைகள் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே எதுவும் தெரியாத வகை. காற்று மட்டும் வரும்.

டிசம்பரில் மழை குறைந்தது. தை பிறந்து வெயில் வந்ததும் சுவர் காய்ந்தது. மூலையில் ஒரு சாம்பல் நிறத் திட்டு மட்டும் போகவில்லை. ஆனால் அது வளரவும் இல்லை. பிரதீபாவுக்கு இழுப்பு வருவது குறைந்தது. முழுக்க நிற்கவில்லை. "பெரியவளானா சரியாப்போயிடும்," என்றார் டாக்டர் வேதாந்தம்.

மகேஷ் அந்தக் குளியலறையில் குளிப்பதை நிறுத்திவிட்டான். விடிவதற்கு முன் எழுந்து பின்பக்கம் அடிபம்பில் நாலு வாளி இறைத்து ஊற்றிக்கொண்டு போனான். காரணம் சொல்லவில்லை. வேண்டியதை மட்டும் பேசினான். ஸ்ரீகிருஷ்ணன் எதிரில் வந்தால் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். கன்னியப்பன் மட்டும் ஒரு நாள் ஷண்முகப்ரியாவிடம், "கே.கே. நகர் போயிருந்தேன்மா. ரெண்டு கிலோ முள்ளங்கி வாங்கினேன். அந்த ஆளு என்னை அடையாளம் கண்டுக்கினான். காசு வாங்கிக்கினான். வேற ஒண்ணும் பேசல," என்றார்.

அவள் மறுபடி அங்கே போகவில்லை. போய் நின்றால் நன்றியை எதிர்பார்த்து வந்ததுபோல ஆகிவிடும். அந்தப் பெண் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லையா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. தெரிந்துகொள்ள வழியில்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்த மகேஷ் திடீரென்று கேட்டான்.

"அவன்கிட்டப் போனா என்ன சொல்றது?"

யாரிடம் என்று அவள் கேட்கவில்லை. "தெரியலைங்க. நானும் எதையெதையோ நினைச்சுட்டுத்தான் போனேன். அங்க நின்னப்ப வேறதான் வந்துச்சு."

அவன் சாப்பிட்டு முடித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ஆறு மணிக்குத் திரும்பி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செம்பை வாங்கிக் குடித்துவிட்டு அவளைப் பார்க்காமலே சொன்னான்.

"பேசல. எதிர்ல ஒரு கடையில நின்னு பாத்துட்டே இருந்தேன். இடது கையாலதான் எடை போடுறான். ரெண்டு மணி நேரம் நின்னேன். கால் போகல."

எது சொன்னாலும் அது திட்டாகவோ ஆறுதலாகவோ ஆகிவிடும் என்று அவள் பயந்தாள். இரண்டில் எதையும் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே புஷ்பம் பேத்திக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை கசக்கிறது என்று சிணுங்கியது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நீயும் வரியா?" என்று மகேஷ் கேட்டான்.

"வரேன். ஆனா பேச வேண்டியது நீங்கதான்."

அவன் காலிச் செம்பைக் கையில் உருட்டிக்கொண்டே, சரி என்பதுபோலத் தலையை அசைத்தான்.